பிஎச்.டி. படிக்கப் பணம் எங்கிருந்து வரும்? குமரி மாவட்டப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வு மையத்தில் ஐந்து வருடம் முழுநேர ஆய்வாளராக இருந்து பட்டம் வாங்கியவள் நான். அதற்குப் பிறகு ஜூன், ஜூலை வந்தாலே போன் வரத் தொடங்கிவிடும். தக்கலை, கருங்கல், அருமனை, கொல்லங்கோடு என்று எங்கிருந்தாவது ஒரு தங்கை, ஒரு தம்பி, சில நேரம் அவர்களின் அப்பா. கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தொகையும் விதியும் மாறும் என்பதால், சேருகிற வருடத்து அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்துவிட்டால் துறையில் இருந்து மாதாமாதம் பணம் வருமா?

வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பிஎச்.டி.ன்னா சம்பளம் உண்டுல்லா" என்று நம்பிச் சேர்ந்து, மூன்றாம் மாதம் பஸ் காசுக்கு வீட்டில் கை நீட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நம் ஊர்க் கல்லூரிகளில், ஆய்வு மாணவருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்கென்று துறைத்தலைவரிடம் நிதி எதுவும் இருப்பதில்லை. உதவித்தொகை டெல்லியில் இருந்தோ சென்னையில் இருந்தோ உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும்.

ஆனால் அது வந்து சேர, துறை மூன்று காரியம் செய்தாக வேண்டும். கைடிடம், அதாவது ஆய்வை வழிநடத்தும் ஆசிரியரிடம், உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று மாதந்தோறும் உறுதி செய்து, வருடந்தோறும் கையெழுத்துப் போட வேண்டும். பேராசிரியர் பெயரில் ஆய்வுத் திட்டம் ஏதும் வந்தால் அதில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பணத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் இந்த மூன்றையும் கேட்பதே இல்லை. சேர்ந்த பிறகு படுகிற பாடெல்லாம் இவற்றில்தான்.

கைடிடம் இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி, ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். ஓய்வு பெற 3 வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது. உதவிப் பேராசிரியர்கள் நான்கு பேர் கைடாக இருக்கும் துறையில் மொத்தமே 16 இடம். ஒருவர் முடித்துப் போக ஐந்து, ஆறு வருடம் ஆகிறது. அப்படியானால் வருடத்துக்கு மூன்று இடம் காலியானாலே பெரிது.

குலசேகரத்துத் தம்பி ஒருவர், நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் மேல் மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்தார். அவர் விரும்பிய கைடிடம் ஓர் ஆள் தீசிஸ் கொடுத்தால்தான் இடம் காலியாகும் நிலை. சேர்ந்த தேதியில் இருந்துதான் உதவித்தொகை கணக்கிடப்படும். காத்திருந்த மாதங்களுக்கு ஒரு பைசாவும் கிடையாது. கடிதத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. அதனால் தேர்வு முடிவு வந்த வாரமே கைடு தேடப் புறப்படுங்கள்.

போய்க் கேட்கும்போது கூச்சப்படாதீர்கள். உங்களிடம் இப்போது எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்கள், அடுத்து யார் எப்போது தீசிஸ் கொடுக்கிறார்கள், உங்களுக்கு ஓய்வு எந்த வருடம்? இவ்வளவுதான். நல்ல கைடு இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஒரே இடத்துக்கு இரண்டு பேர் வந்தால் யாரை எடுப்பார்கள்?

ஜே.ஆர்.எஃப். வைத்திருப்பவரை எடுக்கவே பெரும்பாலான கைடுகள் விரும்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பணமில்லாத மாணவர் இரண்டாம் வருடம் தனியார் பள்ளி வேலைக்குப் போய்விட்டால் அந்த இடம் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனாலும் மீனவ ஊரிலிருந்தும் ரப்பர் தோட்டத்துப் பக்கத்திலிருந்தும் முதல் தலைமுறையாக வருகிற பிள்ளைக்கு இந்தப் பழக்கம் ஒரு சுவராக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களிடம் நான் சொல்வது, கைடைப் பார்க்கப் போகும்போது ஆய்வுத் தலைப்போடு இன்னொரு தாளும் கொண்டுபோங்கள் என்பதுதான். எந்தெந்த உதவித்தொகைக்கு எந்த மாதம் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று அதில் எழுதியிருக்கட்டும். அந்தத் தாளைப் பார்த்து மனம் மாறிய கைடுகள் உண்டு.

ஜே.ஆர்.எஃப். தொகை எவ்வளவு?

2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் முடிந்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனால் 42,000. மொத்தம் ஐந்து வருடம். கல்லூரி விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. அது எக்ஸ், ஒய், இசட் என்று அரசு பிரித்திருக்கும் ஊர் வகையைப் பொறுத்தது. நாகர்கோவில் மாநகராட்சி ஆகிவிட்டாலும் மக்கள்தொகைக் கணக்கில் கடைசி வகையான இசட்தான். திருவனந்தபுரம் நடு வகையான ஒய்.

இவை தவிர கன்டின்ஜென்சி என்று ஒரு தொகை தனியாக வரும். முதல் இரண்டு வருடம் கலைப் பாடங்களுக்கு வருடத்துக்கு 10,000, அறிவியலுக்கு 12,000. அதன் பிறகு 20,500, 25,000. களப்பயணம், ரசாயனம், தட்டச்சு, புத்தகம் எல்லாம் இதில் வரும். புத்தகம் வாங்கினால் முடிவில் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். மேசை நாற்காலி வாங்க முடியாது. பில்லைத் தேதிவாரியாக ஒட்டி வையுங்கள்.

இரண்டு வருடம் கழித்துத் தொகை தானாகவே கூடிவிடுமா?

கூடாது. துறைத்தலைவர், கைடு, வெளியிலிருந்து ஒரு பாட நிபுணர் என மூன்று பேர் கொண்ட குழு முன் உங்கள் வேலையைக் காட்ட வேண்டும். திருப்தி இல்லையென்றால் இன்னொரு வருடம் ஜே.ஆர்.எஃப். தொகையிலேயே நீடிக்கச் சொல்லுவார்கள். இந்தக் கூட்டத்தை நடத்துவது துறையின் பொறுப்பு என்றாலும் நினைவுபடுத்துவது உங்கள் பொறுப்பு. வெளி நிபுணரின் தேதி கிடைக்கவே ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். 20-ஆம் மாதத்திலேயே பேச்சை எடுத்துவிடுங்கள்.

நெட் பாஸ், ஆனால் ஜே.ஆர்.எஃப். இல்லை. என்ன செய்யலாம்?

2024 ஜூன் தேர்வில் இருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்.போடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டிலும் பணம் கிடையாது. அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். சேர்க்கையில் அதற்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். "மூணாவது லிஸ்டில் பேரு வந்திருக்கு, மாசம் எவ்வளவு கிடைக்கும்?" என்று போன வருடம் ஒரே வாரத்தில் நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேரிடமும் ஒன்றும் கிடைக்காது என்று சொல்ல வேண்டியிருந்தது.

நெட் இல்லாதவர்களுக்கு மாதம் 8,000 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான திட்டம். திருவாரூரில் சேர்ந்தால் பொருந்தும், நாகர்கோவிலில் சேர்ந்தால் பொருந்தாது.

இங்கேயே படிப்பவர்களுக்கு உள்ள வழிகளைச் சொல்கிறேன். சமூக அறிவியல் என்றால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம்) தரும் ஆய்வு உதவித்தொகை: மாதம் 20,000, கன்டின்ஜென்சி வருடத்துக்கு 20,000. 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் மீனவக் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்பது போன்ற தலைப்புகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. விண்ணப்பத்தில் களம் தெளிவாக இருப்பது பெரிய பலம். அறிவியல் முதுகலையில் பல்கலைக்கழக முதல் ரேங்க் என்றால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை, தொகை ஜே.ஆர்.எஃப். அளவுக்கே இருக்கும். தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனித் தேர்வு வைக்கிறது, அறிவிப்பை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் ஒரே பெண் பிள்ளை, உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்றால் சாவித்ரிபாய் ஜோதிராவ் பூலே பெயரிலான மானியக் குழு உதவித்தொகை இருக்கிறது. முழுநேரம் மட்டும். பலருக்கு இது தெரியாது.

சாதிச் சான்றிதழை வைத்துக் கிடைப்பவை எவை? நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு உண்டா?

நம் மாவட்டத்தில் அதிகம் குழம்புவது இதில்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மத்திய அரசின் பட்டியல் சாதியினருக்கான உதவித்தொகை வருடத்துக்கு 2,000 பேருக்கு, இதர பிற்படுத்தப்பட்டோருக்கானது 1,000 பேருக்கு. இரண்டுக்கும் நெட் மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு. பட்டியல் சாதி என்பதற்கு மத்திய அரசு 1950 ஆணையைத்தான் பார்க்கும். அதில் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே வருவார்கள். பாட்டன் காலத்திலேயே கிறிஸ்தவத்துக்கு வந்த ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளை அந்த உதவித்தொகையில் வரமாட்டார். ஆனால் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் உதவி, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் உண்டு. இதைத் தெரியாமல் விட்டுவிட்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் போய்ப் படிவம் கேட்க வேண்டும்.

பழங்குடியினருக்கு மதம் ஒரு தடை இல்லை. பேச்சிப்பாறை மலையிலிருந்து வரும் காணி மாணவர் எந்த மதத்தவராக இருந்தாலும் பழங்குடிதான். அவர்களுக்கான மத்திய உதவித்தொகை வருடத்துக்கு 750 பேருக்கு; முதுகலை மதிப்பெண்ணை வைத்துத் தருகிறார்கள், நெட் வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் இதற்கு விண்ணப்பிப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். தெரிந்த காணிக் குடும்பம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர் கவனிக்க வேண்டியது ஒன்று. மாநிலப் பட்டியல் வேறு, மத்தியப் பட்டியல் வேறு. மாநில பி.சி. சான்றிதழை மத்திய விண்ணப்பத்தில் ஏற்றினால் நிராகரித்துவிடுவார்கள். மத்தியப் பட்டியலில் உங்கள் சாதிப்பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தாசில்தார் தரும் மத்தியப் படிவ ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையம் வழியாக முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை?

2022-23 முதல் புதிதாக யாருக்கும் தருவதில்லை. பழைய துண்டறிக்கைகளை நம்பி அலைய வேண்டாம்.

பேராசிரியரின் புராஜெக்டில் சேர்ந்தால் பணம் கிடைக்குமாமே?

கிடைக்கும். நம் ஊர்த் துறைகள் உண்மையிலேயே ஆள் பார்த்துப் பங்கிடுகிற பணம் என்றால் இது ஒன்றுதான். ஒரு பேராசிரியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட் கதிர்வீச்சை அளக்கும் திட்டத்துக்கு மத்திய அரசிடமிருந்து மூன்று வருட நிதி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் ஆய்வு உதவியாளர் பதவி இருக்கும். விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, குழு தேர்வு செய்ய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஏற்கெனவே வந்துபோகிறவர் யார், அந்தக் கருவியை இயக்கத் தெரிந்தவர் யார் என்பது நிறையத் தீர்மானிக்கும். முதுகலை கடைசி செமஸ்டரிலேயே அந்தக் கூடத்தில் புராஜெக்ட் செய்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

இதில் எச்சரிக்கை இரண்டு. திட்டம் மூன்று வருடம், உங்கள் படிப்பு ஐந்து வருடம். மீதி இரண்டு வருடத்துக்கு என்ன வழி என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். அடுத்தது, திட்டத்தில் வேலை கிடைத்ததாலேயே பிஎச்.டி. பதிவு ஆகிவிடாது. மூன்று வருடம் மண் சலித்துவிட்டு, பதிவே ஆகாமல் வெளியே வந்த அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எடுத்த அளவீடுகள் வேறு ஒருவரின் தீசிஸில் போயின. உங்கள் அளவீடுகளை உங்கள் தீசிஸில் பயன்படுத்தலாம் என்பதையும் பதிவுத் தேதியையும் வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

பணம் ஏன் மாதக்கணக்கில் வராமல் நிற்கிறது?

என் கதையைச் சொல்கிறேன். முதல் வருடத்தில் ஏழு மாதம் எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. டெல்லியில் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பினேன். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. கடைசியில் பார்த்தால், கல்லூரி அலுவலகத்தில் மாதந்தோறும் இணையதளத்தில் செய்ய வேண்டிய வருகை உறுதிப்படுத்தலைச் செய்யவே இல்லை. அந்த வேலையைச் செய்து வந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. அதை எனக்குச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. வளையலை மீட்க அடுத்த ஓணம் ஆகிவிட்டது.

மானியக் குழு ஜே.ஆர்.எஃப்.புக்கு கனரா வங்கியின் உதவித்தொகைத் தளத்தில் கல்லூரி ஒவ்வொரு மாதமும் உறுதி செய்ய வேண்டும். முதலில் ஒருவர் பதிவேற்றுவார், மேலதிகாரி ஒருவர் ஒப்புதல் தருவார். இந்த இரண்டு பேரும் யார் என்று சேர்ந்த முதல் வாரமே பெயரோடு தெரிந்து வையுங்கள். மாதக் கடைசியில் நேரில் போய் நினைவுபடுத்துங்கள். ஆதாரோடு இணைந்த கணக்கா என்பதைச் சரிபாருங்கள். திருமணமாகிப் பெயரோ முகவரியோ மாறினாலும் சிக்கல் வரும். மேலிருந்து வரும் தாமதமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. தடை நீங்கியதும் அரியராகச் சேர்ந்து வரும். ஆனாலும் முதல் ஆறு, ஏழு மாதத்தைச் சமாளிக்கக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு சேருங்கள்.

கைடுக்கு நம்மள பிடிக்காம போச்சுன்னா பணத்த நிறுத்திருவாரா? (ஒரு தகப்பனார் கேட்டது)

அவர் ஒருவராக நிறுத்த முடியாது. ஆனால் கையெழுத்தைத் தள்ளிப்போட முடியும், அது நடக்கிறது. ஆய்வு ஆலோசனைக் குழு என்று ஒன்று உங்களுக்கு இருக்கும். நம் ஊரில் டி.சி. (டாக்டரல் கமிட்டி) என்போம். ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன் போய் வேலையைக் காட்ட வேண்டும். அந்தக் கூட்டக் குறிப்பில் "முன்னேற்றம் திருப்திகரம்" என்று இருந்தால் அதுவே உங்கள் கவசம். ஒவ்வொன்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள். பிரச்சினை முற்றினால் துறைத்தலைவர், முதல்வர், பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு என்ற வரிசையில், எழுத்தில் போங்கள்.

வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். தனியாகப் பணம் உண்டா?

முழுநேர ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுடோரியல், ஆய்வக உதவி, தாள் திருத்துதல் போன்றவை தரலாம் என்று விதி இருக்கிறது. அது நல்ல பயிற்சிதான், செய்யுங்கள். காலியிடத்தை நிரப்பாமல் உங்களை வாரம் 14 மணி நேரம் நிற்கவைப்பது சரியில்லை. விதியின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக் கொண்டுபோய் மரியாதையாகப் பேசுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே உதவித்தொகை வாங்கலாமா?

கூடாது. பகுதிநேரப் பதிவுக்கு ஜே.ஆர்.எஃப். இல்லை. முழுநேரத்தில் சேர்ந்து தொகை வாங்கிக்கொண்டே வேறு இடத்தில் சம்பளம் வாங்கினால், கண்டுபிடித்த அன்று முழுத்தொகையையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வேலை கிடைத்தால் அன்றே எழுதிக் கொடுத்து விலகுங்கள்.

இடையில் கல்யாணம், குழந்தை என்றால்?

பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு விதியிலேயே இருக்கிறது. படிப்பு அதிகபட்சம் 6 வருடம், நீட்டிப்பு 2 வருடம்; பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் 2 வருடம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சாதாரண விடுப்பு வருடத்துக்கு 30 நாள். கல்லூரிக் கோடை விடுமுறை ஆய்வாளருக்குக் கிடையாது.

திருவனந்தபுரத்தில் சேருவது நல்லதா?

களியக்காவிளை தாண்டினால் வாய்ப்புகள் கூடும். ஜே.ஆர்.எஃப். எந்த மாநிலத்துக்கும் செல்லும். விதுராவில் உள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற மத்திய நிறுவனங்களில் கேட் (GATE), ஜெஸ்ட் (JEST) என்ற தேசியத் தேர்வுகள் வழியாக எடுத்தவர்களுக்கும் நிறுவனமே உதவித்தொகை தருகிறது. அங்கே பணத்தைப் பற்றிக் கைடிடம் பேச வேண்டிய அவசியமே வராது. சேர்க்கையும் தொகையும் சேர்ந்தே வரும். ஆனால் தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழை வைத்துக் கேரளப் பல்கலைக்கழகத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியாது.

அமெரிக்காவில் எல்லாருக்கும் துறையே பணம் தருமாமே?

அங்கே துறை உண்மையில் பங்கிடுகிறது. ஆகவே சேர்க்கும் எண்ணிக்கையே பணத்தைப் பார்த்துத்தான் முடிவாகும். சேர்க்கைக் குழு முதலில் கணக்குப் போடும். இளநிலை மாணவர் எத்தனை வகுப்புகளாக வருகிறார்கள், அதற்கு எத்தனை கற்பித்தல் உதவியாளர் வேண்டும்? எந்தப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி நிதி இருக்கிறது, அவர் எத்தனை பேரைத் தாங்குவார்? பல்கலைக்கழகம் தரும் சில தனி உதவித்தொகைகளுக்கு யாரைப் பரிந்துரைப்பது? இந்தக் கூட்டுத்தொகைதான் அந்த வருடத்து இடங்கள். கணிதம், ஆங்கிலம் போன்ற துறைகள் கற்பித்தலை நம்பியிருக்கும். உயிரியல், வேதியியல் பேராசிரியர் நிதியை நம்பியிருக்கும். 2025-ல் அரசு ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டபோது சில துறைகள் சேர்க்கையைக் குறைத்ததும் இதனால்தான்.

கற்பித்தல் உதவியாளர் வேலை பொதுவாக வாரம் 20 மணி நேரம். படிக்கும் காலத்தில் மாணவர் விசாவில் வளாகத்துக்குள் அதற்கு மேல் வேலை செய்யவும் முடியாது. ஆங்கிலத்தில் பேசும் திறனுக்குத் தனி மதிப்பெண் கேட்பார்கள். நம் பிள்ளைகள் எழுத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தும் இதில் தடுக்கி விழுகிறார்கள். ஒரு வருடம் முன்பே வாய்விட்டுப் பழகுங்கள்.

கடிதம் வந்ததும் நான்கு விஷயம் பாருங்கள்: எத்தனை வருடத்துக்கு உறுதி, கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, தள்ளுபடிக்குப் பிறகும் கட்ட வேண்டிய கட்டணம் எவ்வளவு, தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா. கோடை மூன்று மாதம் பணமில்லாமல் தவித்த குமரிப் பிள்ளைகள் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லச் சொல்லி உங்களை நெருக்கக் கூடாது. அந்தத் தேதி வரை மற்ற கடிதங்களுக்காகக் காத்திருக்கலாம்.

ஜெர்மனியில் இது ஒரு வேலை ஒப்பந்தம். அரைப் பதவியா, 65 சதவீதமா, முழுப் பதவியா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்; சம்பளம் அதைப் பொறுத்தது.

சேரும் முன் எந்தெந்தத் தாள்களை எடுத்து வைக்கட்டும்?

முதுகலை மதிப்பெண் பட்டியல், நெட் அல்லது ஜே.ஆர்.எஃப். கடிதம், மத்தியப் படிவச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைந்த வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். சேர்ந்த அன்று கைடும் துறைத்தலைவரும் முதல்வரும் கையெழுத்திட்ட ஜாயினிங் ரிப்போர்ட்டின் மூன்று நகல். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் ரசீது. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஓடு ஒழுகி என் முதல் ஃபைல் நனைந்துபோனது. அதில் இருந்த ஜாயினிங் ரிப்போர்ட்டுக்கு மறுநகல் வாங்க நான்கு முறை அலுவலகம் போய் வந்தேன்.